குழாய் மூட்டில் குங்குமம்

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் இந்தத் தண்ணீரில்தான் டீ போடுவேன். கிள்ளான் கடலோர ஆலையிலிருந்து கொண்டுவந்தது. உப்புக் கரிக்கிறதா பாருங்கள். கரிக்காது. அந்த ஆலையை வடிவமைத்தவன் இந்தக் கார்த்திகேசுதான்.

கடல்நீரைக் குடிநீராக்குவது பெரிய வித்தையில்லை. மெல்லிய சவ்வின் வழியே ஓங்கி அழுத்தினால் உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். மலிவாகச் செய்வதுதான் வித்தை. லோரித் தண்ணீருக்காக என் தங்கை மலர் வாளியோடு வெயிலில் நின்றதைப் பார்த்த பிறகு, மலிவைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை. அழுத்தக் குழாய்களுக்கு உப்பு அரிக்காத உயர்ரக எஃகு வேண்டும். நான் தரத்தில் ஒரு படி கீழே இறங்கினேன். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள்.

மலரின் கணவன் முகுந்தனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தங்கமான பிள்ளை. ஆயுத பூசையன்று ஒவ்வொரு பம்புக்கும் குழாய் மூட்டுக்கும் அவனே சந்தனம், குங்குமம் வைத்தான். நான்கு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"மச்சான், இந்த மூட்டப் பாருங்க. நேத்துதான் தொடச்சேன், மறுபடியும் செவப்பா வடியுது லா. மேனேஜர்கிட்ட சொல்லவா?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. துரு. உள்ளே எஃகை உப்பு அரித்துக்கொண்டிருந்தது.

"பூச குங்குமம்தான் மாப்ள. இடுக்குல எறங்கினது ஊறி ஊறித்தான் வரும். தொடச்சிக்கிட்டே இரு."

"சாமி குங்குமமா? அப்ப கீழ சிந்தி மிதிபடாம தொடைக்கணும்" என்று சிரித்தான்.

மூட்டுகளை மாற்ற ஆலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஊரில் குழாய்கள் காயும். என் பெயரும் சந்தி சிரிக்கும். ஜூன் மாதப் பராமரிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று ஆறப்போட்டேன்.

அவன் தினமும் காலையில் துடைத்தான். ஏப்ரலில் ஒருநாள், துடைத்துக்கொண்டிருந்தபோதே மூட்டு வெடித்தது. லோரி டயரில் இருப்பதைப்போல ஏழெட்டு மடங்கு அழுத்தம், சார். மூடிய பெட்டிதான் வீட்டுக்கு வந்தது. நானும் ஒரு பக்கம் தூக்கினேன். தாங்க முடியாமல் அழுதேன். அந்த அழுகையில் பொய்யில்லை.

உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். துரு என்று தெரிந்தும் அவனை அங்கே நிற்க வைத்தவன் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

மலரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாமி குங்குமம் என்று அவன் வீட்டிலும் சொல்லியிருக்கிறான். லாக்கரில் கிடந்த அவனுடைய துடைக்கும் துணியைத் துவைக்காமல் சாமி மேடையில் மடித்து வைத்திருக்கிறாள். அந்தச் சிவப்புக் கறையைத் தினமும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். நேற்று என்னிடமும் நீட்டினாள். நானும் ஒற்றிக்கொண்டேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் அது துரு என்று சொல்ல, நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சக்காரனா, சார்?