பிடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி

மாமா,

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆய்வகப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். மற்றவர்கள் எழுதினால் ஒன்று ஏழு போலத் தெரியும். நான் எழுதினால் யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள்.

நேற்று விசாரணைக் குழுவின் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அதில் ஒரே ஒரு பத்தி உங்களுக்குப் புரிந்திருந்தது. இருக்கைத் துணி வெளியில் தைக்கப்பட்டது, அந்தத் தையலை யாரும் சோதிக்கவில்லை, விபத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். "மாப்ள, என் தையல்தான் விட்டுருச்சா? மறைக்காம சொல்லுங்க" என்றீர்கள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அறிக்கை வந்த நாளிலிருந்து நீங்கள் தையல் கடையைத் திறக்கவில்லை என்று மச்சான் சொன்னான்.

உங்கள் தையல் விடவில்லை. நான் கீழே ஓடிப்போய்ப் பார்த்தபோது உங்கள் மகள் அந்தத் துணியில்தான் இருந்தாள். இடுப்பு வார்கூட அவிழவில்லை. கடையைத் திறங்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அப்படியென்றால் எது விட்டது என்று அடுத்து கேட்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த நாற்காலி அவளுடைய வடிவமைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் நின்றுபோன மாடிக் கட்டடத்திலிருந்து நடக்க முடியாத நோயாளியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்க ஒரு நாற்காலி. எடையைக் குறைக்க மெல்லிய குழாய்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் திருகாணி கிடையாது, பசை மட்டும். அந்த இணைப்பைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அது எத்தனை நாள் உழைக்கும் என்று சோதிப்பது என் ஆராய்ச்சி. ஒரே துறை, ஒரே கைடு. பட்டறைக்காரரை நாங்கள் லேத் அண்ணன் என்போம். "கல்யாணப் பத்திரிகைலயும் கைடு பேரைப் போட்டுருங்கப்பா, இல்லன்னா கையெழுத்துப் போடமாட்டாரு" என்பார்.

சோதனை எளிமையானது. ஒட்டிய குழாயின் இரு முனைகளையும் இயந்திரம் பிடித்துக்கொள்ளும். பாரத்தை ஏற்றும், இறக்கும். லட்சக்கணக்கான தடவை. குழாய் பிடிக்குள் முறிந்தால் அந்தச் சோதனை செல்லாது, பிடி நசுக்கிவிட்டது என்று விட்டுவிடலாம். பிடிக்கு வெளியே முறிந்தால் கோளாறு இணைப்பில். நான் பன்னிரண்டு குழாய்களைச் சோதித்தேன். மூன்று சீக்கிரமே முறிந்தன. மூன்றுக்கும் 'பிடியில் முறிவு' என்று எழுதினேன். கைடு கையெழுத்திட்டார். மீதி ஒன்பதை வைத்துக் கட்டுரை வந்தது.

யாருக்காகச் செய்தேன் என்று யோசித்துப் பாருங்கள். இணைப்பு என்னுடையதல்ல. அது சரியில்லை என்று நான் எழுதியிருந்தால் அவளுடைய மூன்று வருட உழைப்பு அன்றே குப்பைக்குப் போயிருக்கும். அவள் தலை குனியக்கூடாது என்று நினைத்தேன். ஒரு கணவன் வேறென்ன செய்வான்?

கண்காட்சியில் வைக்க உடைந்த குழாய் ஒன்று வேண்டும் என்று அவள் கழிவுப் பெட்டியைக் கிளறியிருக்கிறாள். வியாழக்கிழமை காலை, நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று குழாய்களையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எங்க உடைஞ்சிருக்கு, சொல்லு."

"பிடியில."

"பிடியோட பல்லுத் தடம் இங்க இருக்கு. உடைஞ்சது இங்க. நடுவுல என் ரெண்டு விரல் போகுது."

"அவசரத்துல எழுதியிருப்பேன்."

"மூணு தடவையுமா? உன் எழுத்துல அவசரமே தெரியலையேப்பா."

உனக்காகத்தான் செய்தேன் என்றேன். "எனக்காகன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். கத்தவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். "இந்த நாற்காலி நாலு ஆஸ்பத்திரிக்குப் போகுது. எழுந்து ஓட முடியாதவங்க அதுல உக்காரப் போறாங்க. திங்கக்கிழமை காலைல நீயே கைடுகிட்ட போய்ச் சொல்லிரு. நானும் கூட வரேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

கூட வருகிறாளாம். பட்டம் போகும், வேலை போகும், இனி எந்த ஊர் ஆய்வகத்திலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். அதற்கு அவள் துணைக்கு வருகிறாள். அவளுக்காகப் பொய் எழுதிய கையையே அவள் பிடித்துக் கொடுக்கப் போகிறாள். முதுகில் குத்துவது என்று சொல்வார்கள். எனக்கு நேருக்கு நேராக, காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு நடந்தது.

சனிக்கிழமை மருத்துவமனைக்காரர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டியிருந்தது. தள்ளிப்போடலாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. "புது ஃப்ரேம் ஒரு தடவை இறங்கறதுக்குத் தாங்கும், லட்சம் தடவைக்குத்தான் தாங்காது. வேற யாரும் உக்கார வேண்டாம், நானே உக்காந்துக்கறேன்" என்றாள். கணக்குப்படி அது சரி. அந்த முடிவு அவளுடையது. இதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அன்று காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் ஆறு ஃப்ரேம்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. எந்த ஃப்ரேமையும் எடுக்கும் முன் ஒரு நாணயத்தால் இணைப்புகளைத் தட்டிப் பார்ப்போம். பசை நன்றாகப் பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் சத்தம் அமுங்கிவிடும். அதற்கும் நான்தான். காது நல்ல காது என்பார்கள்.

ஆறையும் தட்டினேன். அவள் படிக்கட்டு அருகே விருந்தினர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி, "எதை எடுக்கட்டும்?" என்றாள்.

"அஞ்சு" என்றேன்.

அவள் ஐந்தை எடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை நடந்ததற்குப் பிறகும் என் காதை நம்பினாள். அந்த நேரத்தில் அது எனக்கு வியப்பாக இருந்தது.

ஐந்தாவது ஃப்ரேமின் வலது பின்பக்க இணைப்பு அமுங்கித்தான் ஒலித்தது. அது நாற்பது நாள் சோதனை இயந்திரத்தில் பாரம் சுமந்துவிட்டு வந்த ஃப்ரேம். அப்படி வருபவற்றுக்குச் சிவப்பு டேப் சுற்றி வைப்பது எங்கள் வழக்கம், யாரும் தவறி எடுத்துவிடக்கூடாது என்பதற்காக. டேப் முன்பே பாதி பிரிந்திருந்தது. மீதியை நான் பிரித்தேன். வெள்ளிக்கிழமை மாலை, கை கழுவப் போகும் வழியில். பிரித்ததைப் பந்தாகச் சுருட்டிக் கூடையில் போட்டேன். பிறகு புது ஃப்ரேம்களோடு அதைச் சேர்த்து வைத்தேன்.

நான் மேல் பக்கம் பிடித்தேன். லேத் அண்ணன் கீழ்ப் பக்கம். "பொண்டாட்டியத் தூக்க ஒரு மிஷினாப்பா? நாங்கல்லாம் கையிலயே தூக்கினோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். "அண்ணே, அண்ணி கேட்டா உங்களை இறக்க இந்த நாற்காலி தேவைப்படும்" என்றாள்.

முதல் எட்டுப் படிகளில் ஒன்றும் ஆகவில்லை. தாங்கிவிடும் என்றுகூட நினைத்தேன். தாங்கியிருந்தால் திங்கட்கிழமை என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. திருப்பத்தில் எடை வலப்பக்கம் சாய்ந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஃப்ரேம் முறுக்கிக்கொண்டு லேத் அண்ணனைச் சுவரில் தள்ளியது. கைப்பிடிச் சுவர் அங்கே இடுப்பளவுதான். நாற்காலி அவளோடு அதைத் தாண்டிக் கீழே போனது. என் கையில் ஒரு சாண் குழாய் மட்டும் இருந்தது.

எனவே இது விபத்து அல்ல, மாமா. அறிக்கை தவறு. என் பதிவேட்டைப் பார்த்து இணைப்பு சரி என்று முடிவு செய்துவிட்டார்கள். கைடு செய்த தவறு, படிக்காமல் கையெழுத்திட்டது. லேத் அண்ணன் ஒரு தவறும் செய்யவில்லை, கை முறிந்ததுதான் மிச்சம். நீங்கள் எதுவும் செய்யவில்லை. அவளைக் கொன்றது நான். இந்தக் காகிதத்தை நீங்கள் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். நான் வீட்டில்தான் இருப்பேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும், இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. கீழே நான் போனபோது அவளுக்கு நினைவு இருந்தது. வலி பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்களைக் கேட்கவில்லை. "எந்த ஜாயின்ட்?" என்றாள்.

"வலது பின்பக்கம்."

கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "எழுதி வெச்சுக்கோ" என்றாள்.

அதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். என்மேல் கோபம் இருந்தால், சந்தேகம் இருந்தால், அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருப்பாளா? வேறு ஆட்கள் அங்கே நின்றிருந்தார்கள். என்னிடம்தான் சொன்னாள். இந்த நாலு மாதமும் எனக்குத் தூக்கம் வந்தது அதனால்தான். கடைசி நேரத்தில் அவள் என் பக்கம் வந்துவிட்டாள்.