பில்லில் இருந்த பேர்

"செத்துப்போன மாமியாருக்கும் சேத்துக் கட்டினு இருக்கேன்க்கா."

ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. அவள் கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை, கையில் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பில். பக்கத்தில், கூட வேலை செய்யும் பர்தா போட்ட அக்கா.

"இன்னாடி சொல்ற? அவங்க போயி ரெண்டு வருஷமாச்சே!"

"இப்பதான் பாத்தேன். பேரு அப்டியே இருக்குது. அதான் பில்லு ஜாஸ்தி."

"ஏஜென்ட்டுக்கு போன் போடு."

"பயமா இருக்குக்கா. பணம் கட்ட இன்னைக்குதான் கடைசி நாள். அடுத்த மாசம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு ஆபரேஷன். இதக் கேக்கப் போயி பாலிசியே நின்னுட்டா?"

"நிக்காது. போடு."

போட்டாள். பள்ளிகொண்டா தாண்டியதும்தான் போனை வைத்தாள்.

"பேர எடுத்துடலாமாம். அவருக்கு ஒண்ணும் பாதிக்காதாம். இத்தினி வருஷம் க்ளெய்ம் பண்ணாததுக்குத் தள்ளுபடி வேற இருக்குதாம். கேட்டாத்தான் குடுப்பாங்களாம்."

"பாத்தியா! அப்புறம் ஏன் அழுவுற?"

"போன வருஷமே எடுத்துடலாம்னு ஏஜென்ட்டு கேட்டாராம். 'எங்கம்மா பேரு இருந்துட்டுப் போவட்டும்'னு என் வீட்டுக்காரருதான் சொன்னாராம்க்கா."