புளியில் முகம் கழுவிய பேரரசி

மேடையில் வீற்றிருக்கும் காரைக்குடி நாணயச் சங்கப் பெருமக்களே, தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அழகுசுந்தரம் ஐயா அவர்களே! கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நம் தலைவர், வரலாற்று ஆசிரியை சந்திரலேகா அம்மையார் இல்லாமல் நாம் கூடும் முதல் கூட்டம் இது. நம்ப முடிகிறதா?

ரோமாபுரிப் பேரரசர்களின் காசுகளை யாரும் சேர்ப்பார்கள். அம்மையார் சேர்த்தது பேரரசிகளை! தங்கமா? இல்லை. வெள்ளியா? இல்லை. வெறும் வெண்கலக் காசுகள். "கிரீடத்தப் பாக்காதீக, கொண்டையப் பாருங்க. ராசாத்திகளும் காலத்துக்குத் தக்கன கொண்டைய மாத்திருக்காக" என்பார்.

நான் முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனது அந்தப் பேரரசிகளில் ஒருவரான புனித ஹெலேனாவைப் பார்க்கத்தான். திருச்சிலுவையைக் கண்டெடுத்தவர் என்று கிறிஸ்தவர்கள் நாங்கள் வணங்கும் அம்மாள் காசில் இருக்கிறார் என்றால் சும்மா இருப்பேனா? அம்மையார் என் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தார். பளபளவென்று இருந்தது. முகத்தைக் காணோம்!

"என்ன நெல்சன் பாக்குறீக? உங்க ஹெலேனாம்மா எங்க வீட்டுப் புளியில முகம் கழுவிட்டாக" என்றார்.

கல்யாணமான புதிதில், சரஸ்வதி பூஜைக்குக் குத்துவிளக்கைத் துலக்கிய அம்மையாரின் கணவர் அழகுசுந்தரம் ஐயா, மனைவி சந்தோஷப்படுவாரே என்று அந்தக் காசையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். மேலே படிந்த பச்சைக் களிம்போடு முகமும் போய்விட்டது. அம்மையார் திட்டினாரா? அழுதாரா? முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்! முகம் தெளிந்த ஹெலேனாக்கள் பிறகு எத்தனையோ கிடைத்தும், புதிதாக வருகிறவர் கையில் முதலில் வைத்தது இதைத்தான்.

"ஆசையாத்தான் தேச்சாக. ஆசையா இருந்தாலும் தேய்க்கக் கூடாது" என்பார். அதற்குள் ஐயா காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவார். எத்தனை இனிய மாலைகள் அவை!

தம் காசுகளை எல்லாம் அம்மையார் சங்கத்துக்கே தந்துவிட்டார். நேற்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினோம். அந்த ஒரு காசு மட்டும் குறைந்தது. ஐயாவிடம் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க நெல்சன். இதுவுமா வேணும்?" என்றார்.

நான் வாங்கவில்லை. செயலாளர் மாயக்கண்ணன் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்!

பெரியோர்களே! பெட்டியில் அந்த இடம் காலியாகவே இருக்கும். மாதக் கூட்டம் நிற்காது, அம்மையாரின் பணி நிற்காது. இது இந்தச் சபையில் நான் தரும் வாக்கு. ஆனால் புதிதாக வருகிறவர் கையில் அந்தக் காசை யார் வைப்பது?

ஐயா, நீங்கள்தான் வர வேண்டும். இனிமேல் காபியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.