ஒன்னாம் நம்பர் பொத்தான்

சர்வீஸ், சர்வீஸ்னு காலையிலேர்ந்து நிறையப் பேசியாச்சு. சார்ட் போட்டாச்சு, படம் காட்டியாச்சு. நான் ஒரே ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... அப்புறம் சாப்பிடப் போலாம். பாயசம் ஆறாது, பயப்படாதீங்க.

எங்க கோயமுத்தூர்ல சென்னியப்பன்னு எனக்கு ஒரு சிநேகிதர். பம்ப் செட் கம்பெனி வச்சிருந்தார். நல்ல ஒசரம். எங்க வீட்டுக்குள்ள குனிஞ்சுதான் வருவார். அவர் ஒரு கார் வாங்கினார். வெளிநாட்டுக் கார், பெரிய விலை. பாதி கரண்ட், பாதி பெட்ரோல். வீட்டுலயே பிளக்கைச் செருகி சார்ஜ் போடலாம். தெருவே வந்து பார்த்துச்சு. "ஏனுங்க, மழை பேஞ்சா ஷாக் அடிக்காதுங்களா?"ன்னு கேக்காத ஆள் இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில அவரும் அவர் சம்சாரம் தெய்வநாயகி அம்மாவும் மேட்டுப்பாளையம் வரைக்கும் போவாங்க. நானும் நாலஞ்சு தடவை பின்சீட்டுல போயிருக்கேன். அந்த அம்மாவுக்கு வண்டியில ஒரே வேலை. பக்கத்துல உட்கார்ந்து, சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு படிக்கணும். "அறுவது... அம்பத்தெட்டு... அம்பத்தஞ்சு..." அவர் சொல்வார், "போறது கரண்ட்டு, வர்றது பெட்ரோலு. இவ பேச்சு மட்டும் ரெண்டு பக்கமும் இலவசமுங்க." அந்த அம்மா அவர் கையில ஒரு தட்டு தட்டுவாங்க.

என்ன ஒரு காலைப்பொழுதுங்க அது... திரும்பக் கிடைக்குமா?

கார் எப்படின்னு கேட்டா, "தங்கமுங்க"ம்பார். கம்பெனி சர்வீஸ் எப்படின்னு கேட்டா, "அதையேன் கேக்கறீங்க... போன் பண்ணினா பாட்டுப் போடறாங்க"ம்பார்.

அவர் போயிட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு.

காரை வித்துடுங்கம்மான்னு எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அந்த அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? அறுபத்தோரு வயசுல டிரைவிங் கத்துக்கிட்டாங்க.

அந்தக் கார்ல டிரைவர் கதவுல ரெண்டு பொத்தான், ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டு. ஒன்னை அமுக்கினா சீட்டு சென்னியப்பன் அளவுக்குப் போகும். ரெண்டை அமுக்கினா அம்மா அளவுக்கு வரும். அம்மா தினம் கதவைத் திறந்து, வெளியவே நின்னுக்கிட்டு, முதல்ல ஒன்னை அமுக்குவாங்க. சீட்டு மெதுவா... பின்னால போகும். கீழ இறங்கும். ஸ்டியரிங் மேல ஏறி வழி விடும். ஆள் ஏறி உட்கார்ற மாதிரியே இருக்கும். அதைக் கண் நிறையப் பார்த்துட்டு, அப்புறம்தான் ரெண்டு. இது யாருக்கும் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க.

ஒருநாள் சார்ஜ் ஏறலை. சர்வீஸுக்கு விட்டாங்க. பதினோரு நாள் கழிச்சு வந்துச்சு. கழுவித் துடைச்சு, சாஃப்ட்வேரெல்லாம் புதுசா ஏத்தி, சார்ஜ் ஜம்முன்னு ஏறுது. மறுநாளே போன். "மேடம், பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"காருக்குப் பத்துங்க. உங்க சர்வீஸுக்கு சைபருங்க."

சைபர்னா சும்மாவா? சர்வீஸ் அட்வைசர் திலீபன், ஸ்வீட் பாக்ஸோட வீட்டுக்கே ஓடி வந்துட்டார்.

"என்ன குறை மேடம்?"

"காரு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. அந்த ஒன்னாம் நம்பரு அழிஞ்சு போச்சு."

"அவ்வளவுதானா மேடம்? புது சாஃப்ட்வேர் போட்டா சில சமயம் அழிஞ்சுரும். அஞ்சு செகண்ட் வேலை. ஒன்னாம் நம்பர் சாரோடதா? சாரை ஒரு தடவை வந்து உட்காரச் சொல்லுங்க..."

சொல்லிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். எதிர்ல சுவர்ல படம். படத்துக்கு மாலை.

ஸ்வீட் பாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறார்...

திலீபன் கெட்டவரா? இல்லைங்க. கார்ல என்னென்ன கோளாறுன்னு கேட்டார். கேக்க வேண்டிய இன்னொரு கேள்வியைக் கேக்கலை. ஆனா ஓடிப் போகலை அவர். மறுநாள் காலையில, அவங்க ஒர்க்ஷாப்ல மூத்த மெக்கானிக் சிக்கந்தரைக் கூட்டிட்டு வந்தார்.

சிக்கந்தர் கம்ப்யூட்டரைத் தொடலை. டிரைவர் காலடியில குனிஞ்சு கால்மிதியைப் பார்த்தார். குதிகால் பதிஞ்சு ரெண்டு குழி. ஒன்னு அம்மாவோடது, லேசா. இன்னொன்னு தள்ளி, நல்ல ஆழமா. அந்தக் குழியில தன் குதிகாலை வச்சு உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, ஐயா ஓட்டறப்ப நீங்க எங்க உட்காருவீங்க?"

"அந்தப் பக்கமுங்க."

"அங்க வந்து உட்காருங்க. என்னைப் பார்க்க வேண்டாம். எப்பவும் போல முன்னால பாருங்க."

ரெண்டு வருஷத்துல முதல் தடவையா அந்த அம்மா அந்த சீட்டுல உட்கார்றாங்க. சிக்கந்தர் சீட்டை நகர்த்துறார்.

"இன்னுங் கொஞ்சம் பின்னால... அவரு தோளு எனக்கு முன்னால வராதுங்க... இன்னும் கீழ... தலை இடிக்குமுன்னு எறக்கித்தான் வெச்சிருப்பாரு..."

சீட்டு அந்த இடத்துல வந்து நின்னுச்சு. சிக்கந்தர் அசையலை. காத்துக்கிட்டிருக்கார்... அந்த அம்மா திரையைப் பார்த்தாங்க. தன்னையறியாம வாய்விட்டுப் படிச்சாங்க.

"எழுபத்திரண்டு."

அதைக் கேட்டதுமே சிக்கந்தர் அந்த இடத்துலயே ஒன்னாம் நம்பரைப் பதிஞ்சுட்டு இறங்கிட்டார்.

மறுபடி போன் வந்துச்சு. எத்தனை மார்க் மேடம்?

"ஒம்போதுங்க."

"ஒரு மார்க் ஏன் மேடம் குறைச்சுட்டீங்க?"

"இதை மொதல்லயே கேட்டிருக்கலாமில்லீங்க."

ஹெட்போன் மாட்டிக்கிட்டு நாள் முழுக்க அடுத்தவங்க கோபத்தைக் கேக்கற பிள்ளைங்களே... உங்களைத்தான் சொல்றேன். ஒன்னுமில்லாத விஷயத்துக்கு ஒருத்தர் கத்துவாங்க. பழைய நம்பர் போச்சும்பாங்க, பழைய போட்டோ போச்சும்பாங்க. நமக்கு அது அஞ்சு செகண்ட் வேலை. அவங்களுக்கு? அதுக்குள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கலாம்... நமக்குத் தெரியுமா?

"என்ன கம்ப்ளெயிண்ட்?"னு கேக்க உங்களுக்கு டிரெயினிங் கொடுத்திருக்காங்க. அதோட இன்னொன்னையும் கேளுங்க. "அதுல உங்களுக்கு என்ன இருந்துச்சு?" இந்த ரெண்டாவது கேள்விக்கு டிரெயினிங் கிடையாது. பொருளைத் துடைச்சு ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி, ரிப்பேர் முடிஞ்சப்புறம் இல்ல... முன்னாடியே கேட்டுருங்க.

இன்னிக்கு என்னை இங்க கொண்டுவந்து விட்டது தெய்வநாயகி அம்மாதான். இறங்கி நாலடி நடந்தேன். பின்னால டிரைவர் கதவு திறந்துச்சு, அப்புறம் அந்த சீட்டு நகர்ற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கலைங்க.