ஜன்னல் வரைக்கும்

டிரைவர் ஐயாவுக்கு டீயில் சர்க்கரையை முழுக்கக் கலக்கக் கூடாது. கடைசி வாய் இனிக்க வேண்டும் என்பார். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்குத்தான் தெரியும், மேடம். வெளியூரில் இருக்கும், பெற்ற மகளுக்கே தெரியாது.

பக்கவாதத்தில் அவருக்கு இடது கை கால் விளங்காமல் போன பிறகு, அரசாங்கச் செலவில் பார்த்துக்கொள்ள உங்கள் அலுவலகம் என்னை அனுப்பியது. காலையில் வந்து, குளிப்பாட்டி, ஊட்டி, துவைத்துப் போட்டுவிட்டு மாலையில் போவேன். இரவில் ஐயா தனிதான். கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பயிற்சிக்காரர் வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நான் அவரை நடக்கவைக்க வேண்டும். நடக்கவைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் வாக்கரைப் பிடித்தபடி ஜன்னல் வரைக்கும் போய்விட்டார். கீழே பஸ் திரும்புவதைப் பார்த்து, "ஒடிச்சுத் திருப்புடா, தூங்குமூஞ்சி" என்று கத்தினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே, மதிப்பீட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

உங்கள் விதி உங்களுக்குத் தெரியும். மதிப்பீட்டுக்காரர் வந்து பார்ப்பார். ஆள் தேறியிருந்தால் உதவியாளரின் நேரத்தை வெட்டிவிடுவார். தானாக எழுந்து நடப்பவருக்கு நான் எதற்கு? முந்தைய வீடுகளில் அப்படித்தான் ஆனது. நான் தேற்றிவிட்டேன், அவர்கள் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். சம்பளத்துக்காக என்று நினைக்காதீர்கள். வேறு வீடு கிடைக்கும். ஐம்பது வயதுக்காரியைப் "பாப்பா" என்று கூப்பிடுகிற வீடு கிடைக்காது.

வாக்கரைப் பழைய போர்வையில் சுற்றி, பின்னறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். "விழுந்தா இடுப்பு போயிடும் ஐயா, டாக்டர் நடக்க வேணாம்னுட்டார்" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பயிற்சிக்காரரிடம், ஐயா பயப்படுகிறார், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். ஒரு வீடு குறைந்ததில் அவருக்கும் நிம்மதி. மகள் போனில் கேட்டபோது, "அப்பாவுக்கு முடியலம்மா" என்றேன்.

மற்றபடி கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. கால்கள் மட்டும் குச்சியாகிக்கொண்டே வந்தன. அவற்றைப் பார்க்காமலே எண்ணெய் தேய்க்கப் பழகினேன்.

மதிப்பீட்டுக்காரர் வந்து, "எங்க, எழுந்திரிங்க பார்ப்போம்" என்றார். ஐயா என் கையைப் பிடித்து இரண்டு முறை எம்பினார். முடியவில்லை. என் நேரத்தைக் கூட்டிக்கொடுத்தார்கள்.

அன்று மாலை ஐயா கேட்டார்.

"பாப்பா, நான் ஜன்னல் வரைக்கும் நடந்தேன்ல?"

"கனவு கண்டிருப்பீங்க ஐயா."

"நீகூடச் சிரிச்சியே."

"கனவுதான்."

சின்னப் பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் ஏதோ ஒரு சமாதானம் இருக்கிறது, மேடம். இதற்கு இல்லை. நடந்ததைக் கனவு என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு இல்லை. பாவம் செய்துவிட்டேன்.

முந்தாநாள் காலை கதவைத் திறந்தால் கட்டில் காலி. அலமாரி திறந்து கிடந்தது. கட்டிலடிச் சாமான்கள் வெளியே இறைந்திருந்தன. தேடியிருக்கிறார். சுவரைப் பிடித்துப் பிடித்து, கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிப் பின்னறை வரைக்கும் போயிருக்கிறார். அந்தக் கால்களோடு எப்படிப் போனாரோ. மெஷின் பக்கத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. கை நிறையப் போர்வை. வாக்கர் பாதி வெளியே தெரிந்தது.

நடந்தது கனவில்லை என்று தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறார்.

அவர் கால்களைப் பறித்தது நான்தான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர். நான் வருகிறவரைக்கும் பொறுத்திருந்தால், அந்த வாக்கரை நானே எடுத்துக்கொடுத்திருப்பேன்.