பூட்டுக்காரரைப் பூட்டி வைத்தவன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மறதிநோய் மருத்துவத்திலேயே முடி நரைத்த டாக்டர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பாதித் தூக்கத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, "வேலை இருக்கு, நீயே பார்த்துக்கோ" என்று சொல்லி இன்றும் வராமல்போன என் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிரிக்காதீர்கள். வராதவருக்கும் வணக்கம் வைப்பது என் வளர்ப்பு.

மூன்றாவது வரிசையில் என் மனைவியின் பக்கத்தில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு அமர்ந்திருப்பவர் என் அப்பா. நாற்பது ஆண்டுகள் பூட்டு ரிப்பேர் செய்தவர். இப்போது "அப்பா" என்றால் திரும்ப மாட்டார். "மாஸ்டர்" என்றால்தான் திரும்புவார். நான் இளைஞனாக இருந்தபோது, தொழில் பழக இரண்டே மாதம் என்னைத் தன் கடையில் வைத்திருந்துவிட்டு, வாடிக்கையாளர்கள் முன்னால் "உனக்குக் கை வராதுடா" என்று சொல்லி, கடையை அண்ணனிடம் கொடுத்தார். இருபத்தாறு வருடமாக அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. சொன்னவர் மறந்துவிட்டார். இதுவா நியாயம்?

அல்சைமர் என்பது வெறும் மறதியா? கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே இது எதற்கு என்று கேட்பது இந்த நோய். மூளையின் செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. காலையில் சாப்பிட்டது போகிறது, பெற்ற பிள்ளையின் பெயர் போகிறது, நடை தளர்கிறது, கடைசியில் விழுங்கவும் தடுமாறுகிறது தொண்டை. நோய் அவருக்கு, இளைத்தது என் மனைவி.

அண்ணன் போனில் சொன்னான்: "எங்கிட்ட நல்லாத்தானேடா பேசினாரு? நீதான் பெரிசு பண்றே."

ஐந்து நிமிடம் நன்றாகத்தான் பேசுவார். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே அம்மா? பாருங்கள், தலையாட்டுகிறார்கள்.

வெளியே போய்விடுவாரோ என்ற பயத்தில் வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். படித்தவன் அல்லவா? பூட்டுக்காரரைப் பூட்டி வைத்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள், மனைவியின் கொண்டை ஊசியால் திறந்துகொண்டு போய்விட்டார். பேர் தொலைந்த மூளையிலும் விரல்களின் பழக்கம் தொலையவில்லை.

நாலு மணி நேரம். பேருந்து நிலையம், மருத்துவமனை, பாலத்தடி. என்ன கெட்ட செய்தி வருமோ என்று கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தேன். மூன்று தெரு தள்ளி, ஆளில்லாத ஒரு வீட்டின் வாசலில் குந்தியிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "உள்ள யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க. திறந்து விட்டுடலாம். இதைக் கொஞ்சம் பிடிங்க."

ஊசியைப் பிடித்தேன். பூட்டு விட்டுக்கொடுத்தது.

"பரவால்லையே. உங்களுக்கு நல்லா கை வருது."

யாருக்குக் கிடைத்தது அந்தப் பாராட்டு? முகம் தெரியாத எவனோ ஒருவனுக்கு. நான்தான் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஆகவே சொல்கிறேன்: பூட்டை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள். சட்டைப்பையில் விலாசம் எழுதி வையுங்கள். முறை போட்டுக்கொண்டு வாருங்கள். ஒருத்தியின் முதுகில் ஒரு குடும்பத்தின் பாரத்தை ஏற்றாதீர்கள். போனில் நலம் விசாரிப்பவர்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்து உட்கார்ந்து பாருங்கள்.

இன்னும் நாலு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் மூன்றாவது வரிசையில் அவர் எழுந்துவிட்டார். கதவுப் பக்கம் போகிறார். வாசலில் நிற்கும் ஐயா, தடுக்க வேண்டாம், திறந்துவிடுங்கள். துணைக்கு நான் போகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.

மாஸ்டர், இருங்க. நானும் வர்றேன்.