சிவப்பு அம்புகள்

காலை 7.40. அருள்புரம் பேருந்தில், முன் இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு நாவல். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பனியனில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட, செக்கிங் பிரிவில் ஒட்டுவது.

“ஏங்கண்ணு, ஓவர்டைமுக்கு நடுவுல இந்த வருசம் நாலு புஸ்தகந்தான் படிச்சேன். அதுல எனக்கு உசுரானதை உனக்குக் குடுத்தா, இத்தனை குறை கண்டுபுடிச்சு வெச்சிருக்கறே?”

பக்கத்தில் இருந்த இளையவள் பதறினாள். “ஐயோ, இல்லீங்க்கா! புடிச்ச எடத்துலதானுங்க ஒட்டுனேன். கைக்கு அதுதான் கெடச்சுது.”

“இது என்ன, இங்க மட்டும் ரெண்டு?”

“அது அழுத பக்கமுங்க.”

“அதான் அன்னிக்குக் கண்ணு வீங்கி வந்தியா? ஊட்டுல சண்டைன்னு நெனச்சேன்.”

கம்பெனி வாசலில் இருவரும் இறங்கியபோது, மூத்தவளின் தோளில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.